டொமைன் மாத்தினா கூகுள் ரேங்க் போயிடுமா? உங்க கேள்விகளும் பதில்களும்

டொமைன் ரீடைரக்ட், அதாவது பழைய சைட் முகவரிக்கு வர்றவங்களை தானா புது முகவரிக்கு திருப்பிவிடறது பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால ஒரே இடத்துல பதில் சொல்லிடறேன்.

டாட் இன்ல இருந்து டாட் காமுக்கு மாறப்போறோம். 301 (நிரந்தர ரீடைரக்ட்) போட்டா பேஜ்ரேங்க் (லிங்க்குகளை வெச்சு கூகுள் ஒரு பக்கத்துக்குத் தர்ற மதிப்பு) கொஞ்சம் குறையும்னு சொல்றாங்களே, நிஜமா?

அது பழைய கதைங்க. ஒரு சாதாரண லிங்க்ல எவ்வளவு குறையுமோ அவ்வளவுதான் 301-லயும் குறையும்னு 2013-லயே கூகுளோட மேட் கட்ஸ் சொன்னார், அப்புறம் 2016-ல அதே கூகுளோட கேரி இல்லிஸ் 30எக்ஸ் (301, 302 மாதிரி) ரீடைரக்ட்ல இனிமே பேஜ்ரேங்க் குறையாதுன்னே சொல்லிட்டார். ஆனா குறையாதுன்னு சொன்னதால ரேங்க் ஆடவே ஆடாதுன்னு நினைச்சுக்காதீங்க. கூகுள் உங்க பக்கங்களை ஒண்ணொண்ணா வந்து பாத்துதான் மாத்திக்கும், நடுத்தரமான சைட்டுக்கே சில வாரம் ஆகும், அந்த சில வாரத்துல பயந்துபோய் ரீடைரக்ட்டை எடுத்துட்டு பழசுக்கே திரும்பிப் போறாங்க பாருங்க, அதுலதான் நிறைய சைட் அடி வாங்குது. டாட் இன்னை கூகுள் இந்தியாவுக்கானதுன்னு எடுத்துக்கும், டாட் காம்ல அப்படி ஒரு நாடு கிடையாது, அதையும் யோசிச்சுட்டு மாறுங்க.

800 பக்கம் இருக்கு. எல்லாத்தையும் புது சைட்டோட ஹோம்பேஜுக்கே திருப்பிவிட்டா போதாதா?

தயவு செஞ்சு பண்ணாதீங்க! சாம்பார் பொடி எப்படி அரைக்கிறதுன்னு தேடி வந்தவங்களை ஹோம்பேஜ்ல கொண்டுபோய் விட்டா அவங்க என்ன பண்ணுவாங்க? கூகுளும் அதை சாஃப்ட் 404-ன்னுதான் எடுத்துக்கும், அதாவது பக்கமே இல்லைங்கற கணக்கு, அந்தப் பக்கத்துக்கு வருஷக்கணக்கா சேர்ந்த லிங்க் மதிப்பு அதோட போச்சு. பழைய பக்கம் ஒவ்வொண்ணுக்கும் அதுக்கு ஈடான புது பக்கம் எதுன்னு ஒரு எக்ஸல் ஷீட்ல எழுதுங்க. முகவரி அமைப்பு மாறலைன்னா சர்வர்ல ஒரே ஒரு ரூல் போதும், 800-ம் தானா போயிடும். ஈடான பக்கமே இல்லைன்னா 404 விட்டுடலாம், தப்பில்ல.

302 போட்டுட்டேன், பரவாயில்லையா?

302-ன்னா தற்காலிகம், பழைய முகவரியவே வெச்சுக்கோன்னு நீங்களே கூகுள்கிட்ட சொன்ன மாதிரி. 301-ஆ மாத்திடுங்க.

பழைய டொமைனை எத்தனை நாள் வெச்சிருக்கணும்?

குறைஞ்சது 1 வருஷம் ரீடைரக்ட் இருக்கணும்னு கூகுள் சொல்லுது. சர்ச் கன்சோல்ல (சைட் வெச்சிருக்கறவங்களுக்கு கூகுள் தர்ற சேவை) முகவரி மாற்றம் சொல்றதுக்கு ஒரு டூல் இருக்கு, அதையும் பண்ணுங்க, அது 180 நாள் வேலை செய்யும். ஆனா என்னைக் கேட்டா பழைய டொமைனை விடவே விடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரினியூவல் காசு மிச்சம்னு விட்டுட்டார், வேற யாரோ அதை வாங்கி சூதாட்ட சைட் போட்டுட்டாங்க, அவர் விசிட்டிங் கார்டுல அச்சடிச்ச முகவரி அது, கஸ்டமருங்க போன் பண்ணி கேட்டப்போ மனுஷன் அழுதுட்டார். அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அப்போ நல்ல லிங்க் இருக்கற எக்ஸ்பையர் ஆன டொமைனை வாங்கி எங்க சைட்டுக்கு திருப்பிவிட்டா ரேங்க் ஏறுமா?

சம்பந்தமில்லாத டொமைன்னா வேண்டவே வேண்டாம். எக்ஸ்பையர் ஆன டொமைனை ரேங்க்குக்காக தப்பா பயன்படுத்தறதை 2024 மார்ச்ல கூகுள் ஸ்பேம் விதியிலயே சேர்த்துடுச்சு. அந்தக் காசை ரெண்டு நல்ல கட்டுரைக்கு செலவு பண்ணுங்க.

3 தடவை பேர் மாத்திட்டோம், ரீடைரக்ட் ஒண்ணு மேல ஒண்ணா போகுது.

கூகுள்பாட் (பக்கங்களை வந்து பாக்கற கூகுளோட ப்ரோக்ராம்) 10 தாவல் வரைக்கும் பின்தொடரும், ஆனா வாசகருக்கு பக்கம் திறக்க லேட் ஆகும். 3 பழைய டொமைனையும் நேரா கடைசி முகவரிக்கே திருப்புங்க. இன்னொண்ணு, பழைய டொமைனோட ரோபோட்ஸ் ஃபைல்ல (எந்தப் பக்கத்தைப் பாக்கலாம், கூடாதுன்னு பாட்களுக்குச் சொல்ற robots.txt) கூகுள்பாட்டை பிளாக் பண்ணி வெச்சிருக்கீங்களான்னு பாருங்க. அது உள்ளயே வர முடியலைன்னா 301 இருக்கறதே அதுக்குத் தெரியாது.

மாறி 3 மாசம் ஆச்சு, பழைய டொமைன் பேரைப் போட்டுத் தேடினா இன்னும் பழைய பக்கங்களே வருது.

பழைய பேரையே சொல்லித் தேடினா கூகுள் ரொம்ப நாளைக்கு அதைக் காட்டும், அது சகஜம். சர்ச் கன்சோல்ல புது டொமைனோட கிளிக் ஏறுதா, பழையதுல இறங்குதான்னு பாருங்க. ரெண்டும் நடந்தா எதையும் தொடாம விடுங்க.