குடையைத் தேடி வந்தவன்

கேள்வி: ஈ.எம்.ஃபார்ஸ்டரின் 'ஹவர்ட்ஸ் எண்ட்' நாவலைப் படித்தேன். லெனர்ட் பாஸ்டுக்காக எல்லோரும் இரக்கப்படுகிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று வேலையை விட்டது அவன் தப்பு. கல்யாணமானவன் ஹெலனோடு உறவு வைத்ததும் அவன் தப்பு. அப்புறம் எதற்கு இரக்கம்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சொன்னது 'யாரோ' இல்லை, ஹென்றி வில்காக்ஸ். லண்டன் வியாபார உலகத்தில் பெரிய மனிதர். லெனர்ட் குமாஸ்தாவாக இருக்கும் போர்ஃபிரியன் காப்பீட்டு கம்பெனி கிறிஸ்துமஸுக்குள் மூழ்கிவிடும் என்கிறார். மார்கரெட், ஹெலன் என்ற ஷ்லெகல் சகோதரிகள் அதை நம்பி அவனிடம் சொல்கிறார்கள். அவன் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு வங்கிக்கு மாறுகிறான். அங்கே ஆள் குறைக்கிறார்கள், வேலை போகிறது. அதற்குள் போர்ஃபிரியன் நிமிர்ந்துவிட்டது! ஹெலன் நியாயம் கேட்டால், ஏழை ஏழைதான், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்கிறார் ஹென்றி.

அடுத்த குற்றச்சாட்டுக்கு வருவோம். லெனர்டின் மனைவி ஜாக்கி ஒரு காலத்தில் சைப்ரஸில் யாரோடு இருந்தாள்? இதே ஹென்றியோடு. அப்போது அவருக்கும் மனைவி இருந்தாள். மார்கரெட் அதை மன்னித்துத்தான் அவரைக் கட்டிக்கொள்கிறாள். ஆனால் கர்ப்பிணியான ஹெலன், ஹென்றியின் ஹவர்ட்ஸ் எண்ட் வீட்டில் ஒரே ஓர் இரவு தங்கக் கேட்டபோது முடியாது என்றவர் அவர். மார்கரெட் அவர் முகத்துக்கு நேராக இதைக் கேட்கும் இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு பதறுகிறது. லெனர்டின் தப்புக்குக் கணக்கு எழுதிய நீங்கள், ஹென்றியின் பக்கத்தை ஏன் காலியாக விட்டீர்கள்?

வருஷம் 600 பவுண்டு வருமானத்தின் மேல் தான் நிற்பதாக மார்கரெட்டே ஒப்புக்கொள்கிறாள். தப்பு செய்தாலும் அவள் காலடியில் தரை இருக்கும். லெனர்டுக்கு அது இல்லை. கச்சேரியில் ஹெலன் தவறுதலாகத் தூக்கிப்போன குடைக்காக அவன் அவர்கள் வீடு வரைக்கும் நடந்தானே, நினைவிருக்கிறதா? தையல் விட்டுப்போன குடை. அவர்களுக்கு அது மறந்துபோகிற விஷயம். அவனுக்கோ, ஏமாற்றி எடுத்துக்கொண்டார்களோ என்ற பயத்தில், ஆசையாய்க் கேட்கப் போன இசையே பாழாகிவிடுகிறது. 1910-ல் வந்த நாவல் இது. ஓர் ஏழைக் குமாஸ்தாவின் மனசை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை.

அவன் சாவையும் பாருங்கள். மார்கரெட்டிடம் தன் தப்பை ஒப்புக்கொள்ளத்தான் வருகிறான். ஹென்றியின் மகன் சார்ல்ஸ் வாளின் தட்டைப் பக்கத்தால் அவனை அடிக்கிறான், புத்தக அலமாரி மேலே சாய்கிறது, பலவீனமான இதயம் நின்றுவிடுகிறது. தன் தப்பைத் தானே சொல்ல வந்தவன் அந்தக் கதையில் அவன் ஒருவன்தான். சார்ல்ஸுக்குக் கிடைத்தது 3 வருஷ சிறை.

ஃபார்ஸ்டர் மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. கடைசி அத்தியாயத்தில் வீடு யாருக்கு என்று குடும்பமே கூடிப் பேசுகிறது. ஹெலனின் குழந்தை வெளியே வயலில் விளையாடுகிறது. ஜாக்கி என்ன ஆனாள், எப்படிச் சாப்பிடுகிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.