வங்கியின் பெயரில் வரும் பொய் மின்னஞ்சல்கள்: கேள்வி பதில்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்துத் தமிழர்கள் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை, தென்னந்தோப்பு உரிமையாளர்: கே.ஒய்.சி. எனும் வாடிக்கையாளர் அடையாள விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் இன்று மாலையே கணக்கு முடக்கப்படும் என்று வங்கியின் சின்னத்தோடு மின்னஞ்சல் வந்துள்ளது. நம்பலாமா ஐயா?

கே.ஒய்.சி.யைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது உண்மை. அந்த உண்மையின் முதுகில் ஏறித்தான் பொய் வருகிறது. சின்னத்தை யாரும் ஒட்டலாம். அனுப்புநர் பெயரும் அனுப்புகிறவர் தாமே தட்டச்சு செய்துகொள்வதுதான். பெயரைத் தொட்டால் தெரியும் முழு முகவரியை வலக்கோடியிலிருந்து படியுங்கள். அஞ்சலட்டையில் ஊர்ப்பெயர் இறுதியில் வருவதைப் போல, மின்னஞ்சல் முகவரியிலும் அது யாருடையது என்பதை இறுதிப் பகுதியே சொல்லும். ஆகவே வங்கியின் பெயரில் தொடங்கி 'அப்டேட்-கேஒய்சி டாட் காம்' என்று முடிவது அந்த வங்கியுடையதன்று. வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்னும் வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் மட்டுமே அவற்றைப் பதிவு செய்வதால், வெளியாள் அதை எளிதில் வாங்க இயலாது. ஆனால் அந்தச் சொற்கள் நடுவில் வந்து, முடிவில் வேறொன்று இருந்தால் ஏமாற்றுதான்.

கோபாலபுரம், கடைக்காரர்: முகவரி சரியாகவே இருந்தால்?

அப்போதும் மின்னஞ்சலில் உள்ள சுட்டியை (லிங்க்கை) தொடாதீர்கள்; அனுப்புநர் முகவரியையே போலியாகக் காட்டவும் வழி உண்டு. வங்கிச் செயலியை நீங்களாகத் திறந்து பாருங்கள், அல்லது கிளைக்குச் சென்று கேளுங்கள்.

வேலந்தாவளம், ஆசிரியை: எழுத்துப் பிழைகளைக் கொண்டு போலியை அறியலாம் என்கிறார்களே?

அந்த அடையாளம் பழையதாகிவிட்டது அம்மா. இப்போது கணினியே பிழையின்றி எழுதித் தருகிறது. உண்மையான வங்கி அறிவிப்புகளின் தமிழ்தான் பல நேரம் தடுமாறுகிறது. அவற்றில் சிலவற்றுக்குக் கையெழுத்திட்டவன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்கிறேன்.

மீனாட்சிபுரம், ஓட்டுநர்: சுட்டியைத் தொட்டுக் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிட்டேன். கணக்கு பொள்ளாச்சிக் கிளையில், வீடோ கேரளத்தில். எங்கே புகார் கொடுப்பது?

எந்த மாநிலம் என்று யோசித்து நேரத்தைக் கடத்த வேண்டாம். முதலில் அட்டையின் பின்புறமுள்ள எண்ணை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். அடுத்து 1930-ஐ அழையுங்கள், அது இணையவழிப் பண மோசடிப் புகாருக்கு நாடு முழுவதற்கும் பொதுவான எண். ஓ.டி.பி.யைத் தாமே கொடுத்தவரின் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவருடையது, தெரிவித்த பின் நடப்பது வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை வகுத்தது. ஆகவே கிளை திறக்கட்டும் என்று காத்திராமல் இப்போதே அழைத்து, அழைத்த நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்து வையுங்கள். பிறகு வங்கி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.