‘இவை இங்கே விற்கப்படுவதில்லை’: இயற்கை அங்காடியின் பட்டியலில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் வட்டாரத்து இயற்கை உணவு அங்காடியின் வாசலில், ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு, ரசாயனக் கரைப்பானால் பிரித்த எண்ணெய், கந்தகமிட்ட உலர்பழம், செயற்கை நிறம், அஜினோமோட்டோ ஆகியவற்றைத் தவிர்ப்பதாக எழுதி வைத்திருக்கிறார்கள். விலையோ சிங்கப்பூரின் தேக்கா சந்தையைவிட மிக அதிகம். எட்டு வயது மகனுக்கு ஆஸ்துமா உண்டு. எதற்காகக் கூடுதலாகச் செலவழிக்கலாம்? (வாசகி, ஈசூன்)

பதில்: உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, கந்தகம் ஒன்றே முதன்மையானது. உலர்பழத்தின் நிறம் மங்காதிருக்கவும் கெடாதிருக்கவும் சேர்க்கப்படும் கந்தக டைஆக்சைடும் அதன் இனத்துச் சல்பைட்டுகளும், ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியவை. பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் ஆப்ரிகாட், பொன்னிறத் திராட்சை, வெள்ளை வெளேரென்ற தேங்காய்த் துருவல் ஆகியவற்றில் அது இருக்க வாய்ப்பு அதிகம். கந்தகமிடாத ஆப்ரிகாட் பழுப்பேறிச் சுருங்கிக் கிடக்கும், பார்க்க அழகாயிராது. சிங்கப்பூரில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் பொட்டலத்தில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். பொருள்களின் பட்டியலில், இவ்வகைச் சேர்மங்களைக் குறிக்கும் 220 முதல் 228 வரையிலான எண்களையும் தேடுங்கள். இதையெல்லாம் பார்த்து வாங்கினால், சாதாரணப் பேரங்காடியிலேயே கந்தகமில்லாத திராட்சை கிடைத்துவிடும். வெல்லத்திலும் கவனம் தேவை: வெளிர் மஞ்சளாகத் தெரிவதற்காகச் சிலர் காய்ச்சும்போது ஹைட்ரோஸ் எனும் கந்தகச் சேர்மத்தை இடுவதுண்டு.

ஹைட்ரஜனேற்றிய கொழுப்பைப் பற்றி அங்காடி பெருமைப்பட ஒன்றுமில்லை. இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்புக்கு முக்கியக் காரணமான பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்கு 2021 ஜூன் 1 முதல் இந்நாட்டில் தடை இருப்பதால், சட்டப்படி எந்தக் கடையும் அதை விற்க முடியாது.

எண்ணெய் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியது. பெரிய ஆலைகளில் வித்துகளிலிருந்து ஹெக்சேன் எனும் கரைப்பானால் எண்ணெயைப் பிரிக்கிறார்கள். அது சுமார் 69 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், அதைப் பிரித்தெடுத்தபின் எண்ணெயில் எஞ்சுவது மிகச் சொற்பமே. அதன்பின் நிறம் நீக்கி, 200 பாகைக்கு மேல் சூடாக்கி வாடை போக்கும்போது மணமும் வைட்டமின் ஈ-யின் ஒரு பகுதியும் போய்விடும். அதற்காகச் சுத்திகரிப்பை முழுக்கப் பழிக்க முடியாது. பூஞ்சை பிடித்த கடலையிலிருந்து வரும் அஃப்லடாக்சின் நஞ்சையும், ஒவ்வாமை தரும் கடலைப் புரதத்தையும் பெருமளவு நீக்குவதும் இதே சுத்திகரிப்புதான். ஆஸ்துமாவோடு உணவு ஒவ்வாமையும் உள்ள பிள்ளைகள் உண்டு. உங்கள் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்றால், செக்குக் கடலையெண்ணெய் வீட்டுக்குள் வரவே கூடாது. மற்றபடி, மணத்துக்காக இட்லிப் பொடிக்கும் தாளிப்புக்கும் ஒரு சிறு புட்டி செக்கு நல்லெண்ணெய் வாங்கிக்கொள்ளலாம். அப்பளம் பொரிக்க அது வீண்செலவு.

செயற்கை நிறம் பெரும்பாலும் மிட்டாயிலும் பானத்திலும்தான் வருகிறது; அவற்றைக் குறைத்தாலே போதும். அஜினோமோட்டோவை ஒதுக்கும் அங்காடிகள் பல, ‘ஈஸ்ட் சாறு’ சேர்த்த சூப்புத்தூளைத் தயங்காமல் அடுக்கி வைக்கின்றன. இரண்டிலும் சுவை தருவது குளூட்டமேட்தான் என்பதால் இந்த வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வாசற்பட்டியலில் உப்பும் சர்க்கரையும் இல்லை என்பதையும் கவனித்தீர்களா? நாட்டுச்சர்க்கரையில் செய்த உருண்டையும் சர்க்கரைப் பண்டமே. பொட்டலத்தில் அச்சிட்ட பட்டியலில் பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்படுகின்றன. கருப்பட்டியோ தேனோ முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் அது தினமும் பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் தின்பண்டமன்று.

தேக்காவில் அளந்து தரும் உதிரித் திராட்சையில் எந்த விவரமும் இராது. மகனுக்கென மட்டும் விவரம் அச்சிட்ட பொட்டலத்தை வாங்குங்கள். உலர்பழம் தின்ற சற்று நேரத்தில் அவனுக்கு இளைப்பு வந்தால், அந்தப் பொட்டலத்தையே எடுத்துச் சென்று பலதுறை மருந்தக மருத்துவரிடம் காட்டுங்கள்.