வாடகை வந்து தவணையைக் கட்டுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பெற்றோருடன் சொந்த வீட்டில் இருக்கிறேன். வயது 31. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கைக்கு மாதம் 55,000 ரூபாய் வருகிறது. சேமிப்பு 12 லட்சம். கோவை மதுக்கரைப் பக்கம் ஐந்து வருடப் பழைய ஃபிளாட் ஒன்று 40 லட்சத்துக்கு இருக்கிறது. 12,000 வாடகை வரும் என்கிறார் தரகர். இங்கே பாலக்காட்டுச் சித்தூர் ரோட்டில் 8 சென்ட் இடமும் பார்த்தேன். பக்கத்தில் எல்லாம் சென்ட் இரண்டரை லட்சம், இது ஒன்றே கால்தான். எதில் போடலாம்? வங்கி முழுப் பணமும் தருமா? வாடகையிலேயே தவணையை ஓட்டிவிடலாமா? கேரளத்தில் இருப்பவர் தமிழ்நாட்டில் வாங்கத் தடை உண்டா சார்?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தடை எதுவும் இல்லை. எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் மாறுவது காகிதங்களும் பத்திரச் செலவும்தான்.

வங்கி முழுப் பணமும் தராது. கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சத்துக்குள் என்றால், வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. ரிசர்வ் வங்கியின் விதி இது. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. ஆக, கடன் 32 லட்சம், உங்கள் கையிலிருந்து 8 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து 9 சதவீதம், அது 3.6 லட்சம். 12 லட்சத்தில் மிஞ்சுவது 40,000. தரகர் கமிஷனுக்கே இழுத்துப் பிடிக்கும்.

இனி தவணை. வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் மாதம் சுமார் 27,770 ரூபாய், உங்கள் சம்பளத்தில் பாதி. வாடகையை 11 மாதத்துக்குத்தான் கணக்கில் எடுங்கள், ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும். 1,32,000 வரும். அதில் பராமரிப்பு, வீட்டு வரி என்று 30,000 கழியும். கையில் நிற்பது 1,02,000. வருடத் தவணையோ 3,33,000. மாதாமாதம் 19,000 சம்பளத்திலிருந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாடகை தவணையைக் கட்டாது, மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

“விலை ஏறும்ல?” என்பீர்கள். ஏறலாம். ஆனால் ஐந்து வருடம் கட்டிய பிறகும் அசல் பாக்கி 28 லட்சத்துக்கு மேல் இருக்கும், ஆரம்பத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போகும். உங்கள் முதலும் மாதாமாதம் போட்டதும் சேர்ந்து 23 லட்சம் ஆகியிருக்கும். அன்று 51 லட்சத்துக்கு மேல் விற்றால்தான் அந்தப் பணம் வட்டியே இல்லாமல் அப்படியே திரும்பும். அதற்கு மேல் கிடைப்பதுதான் லாபம், அதிலும் விற்பனைச் செலவும் மூலதன ஆதாய வரியும் உண்டு.

வீட்டுக் கடன் வாங்கினால் வருமான வரி மிச்சமாகும் என்றும் தரகர் சொல்லியிருப்பார். உங்கள் கைக்கு வரும் வருடச் சம்பளம் ஏழு லட்சத்துக்குள். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரி கட்டத் தேவையில்லை. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

எட்டு சென்ட் இடத்தின் பாதி விலைதான் எனக்கு உறுத்துகிறது. விற்பவரிடம் கரம் (நில வரி) கட்டிய ரசீதைக் கேட்டு வாங்கி, வகை என்ன என்று பாருங்கள். ‘புரயிடம்’ என்றிருந்தால் வீடு கட்டலாம். ‘நிலம்’ என்றிருந்தால் அது வருவாய்க் கணக்கில் வயல். இப்போது மண் அடித்து மேடாகக் கிடந்தாலும் வயல்தான். 2008ஆம் ஆண்டு நெல்வயல் சட்டப்படி டேட்டா பேங்க் எனும் வயல் பட்டியலில் அந்த சர்வே எண் ஏறியிருந்தால், முதலில் படிவம் 5 கொடுத்து அதிலிருந்து நீக்க வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் வகை மாற்ற படிவம் 6. இரண்டும் வருவாய்த் துறை ஆபீஸ் வேலை, கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. “வாங்கியப்புறம் மாத்திக்கலாம்” என்று விற்பவர் சொன்னால், மாற்றிவிட்டே விற்கச் சொல்லுங்கள். விலை இரண்டரை ஆகும், ஆகட்டும். கேரளத்தில் பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து 10 சதவீதம். பதிவோடு வேலை முடியாது, போக்குவரவு (வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றம்) செய்து கரம் உங்கள் பெயருக்கு வர வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். குடியிருக்க வீடு இருக்கிறது, வாடகை மிச்சம். வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்று நீங்கள் எழுதவில்லை. ஒப்பந்தம் என்றால் 20 வருடக் கடன் பேச்சையே எடுக்காதீர்கள். 12 லட்சத்தில் ஆறு மாதச் செலவுக்கானதை வங்கி டெபாசிட்டில் ஒதுக்கிவிட்டு, தவணைக்குப் போயிருக்கும் அந்த 19,000ஐ மாதாமாதம் சேர்த்துப் பாருங்கள். ஒரு வருடம் இடறாமல் சேர்க்க முடிந்தால், 8 சென்ட் வேண்டாம், 5 சென்ட் புரயிடமாகப் பாருங்கள். அப்போதும் கரம் ரசீது, முன் ஆதாரங்கள் (பழைய பத்திரங்கள்), 30 வருடக் குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று) மூன்றையும் வக்கீல் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ், அதுவும் வங்கி வழியாக மட்டும்.