அணி ஏறும் விமானம்: ரசிகர் மன்றம் எந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்?

கேள்வி: நாங்கள் ஆதரிக்கும் கால்பந்து கிளப், பஸ்ஸில் மூன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊருக்குத் தனி விமானத்தில் போய் வந்தது. ரசிகர் மன்றம் சார்பில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதப்போகிறோம். "அணியில் 40 பேர்தான், காரில் வரும் ஆயிரக்கணக்கான ரசிகர்கள்தான் அதிகம் மாசு செய்கிறார்கள்" என்று நிர்வாகம் சொன்னால் என்ன பதில் சொல்வது? அணியின் பயணத்தால் வரும் பாதிப்பை நாங்களே கணக்கிட முடியுமா? எதைக் கேட்டால் பலன் கிடைக்கும்?

பதில்: கணக்கிடலாம். ஆனால் பலரும் தொடக்கத்திலேயே ஒரு தவறு செய்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் கடிதம் போனால் நிர்வாகத்தில் விவரம் தெரிந்த ஒருவர் ஒரே வரியில் உங்களை மடக்கிவிடுவார்.

பிரிட்டன் அரசு பயணங்களுக்கான உமிழ்வுப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதன்படி உள்நாட்டு விமானத்தில் ஒருவர் ஒரு கி.மீ. போனால் சுமார் 250 கிராம் (புகை உயரத்தில் கூடுதலாக உண்டாக்கும் வெப்பமும் சேர்த்து), ரயிலில் 40 கிராம், தொலைதூரப் பஸ்ஸில் 27 கிராம் கரியமில வாயுவுக்குச் சமம். ஆண்டுக்கு ஆண்டு எண்கள் சற்று மாறும், வரிசை மாறாது. 40 பேர், 300 கி.மீ. என்று பெருக்கினால் ஒரு வழிக்கு 3 டன். பெரும்பாலான செய்திகள் இதோடு நின்றுவிடுகின்றன.

இந்த 3 டன் ரொம்பக் குறைவான மதிப்பீடு. 250 கிராம் என்பது டிக்கெட் விற்று, இருக்கைகள் பெருமளவு நிரம்பிப் பறக்கும் வழக்கமான விமானங்களின் சராசரி. அணி தனியாக வாடகைக்கு எடுத்து ஏறும் சார்ட்டர் விமானத்தில் 150 இருக்கைக்கு மேல் இருக்கலாம், உட்காருவது 40 பேர். விமானம் எத்தனை பேர் ஏறினார்கள் என்று பார்த்து எரிபொருள் எரிப்பதில்லை. ஆகவே ஆள் கணக்கை விட்டு எரிபொருள் கணக்குக்கு வாருங்கள். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒன்று அரை மணி நேரம் பறக்க, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது எல்லாம் சேர்த்துச் சுமார் 2 டன் எரிபொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய பயணத்தில் பெரும்பங்கு மேலேறவே போய்விடும். ஆக ஒரு வழிக்கு 6 டன்னுக்கு மேல். விமானப் புகை உயரத்தில் கூடுதலாக உண்டாக்கும் வெப்பத்தை இதில் சேர்க்கவில்லை. ஏடிஆர் போன்ற சிறிய டர்போபிராப் (இறக்கையில் சுழலும் விசிறிகளோடு பறக்கும்) விமானமாக இருந்தால் இது வெகுவாகக் குறையும். எனவே நிர்வாகத்திடம் கேட்கவேண்டிய முதல் விவரம் விமானத்தின் ரகம்.

இனி யாரும் கேட்காத பகுதி. ஆட்டத்துக்கு முந்தைய நாள் அணியை இறக்கிவிட்ட விமானம் அங்கேயே காத்திருப்பது அபூர்வம். வேறு வேலைக்குப் போய், மறுநாள் இரவு காலியாகத் திரும்பி வரும். உங்கள் ஊர் விமான நிலையமே அதன் தளமாக இருந்தால் ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு நான்கு ஓட்டம்: ஆட்களோடு இரண்டு, காலியாக இரண்டு. தளம் வேறு ஊரில் இருந்தால் ஆறாகலாம். நான்கு என்றே வைத்தாலும் 25 டன்னை நெருங்குகிறது.

இதற்கிடையில் அணியின் பஸ் எங்கே? விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கும் மைதானத்துக்கும் வீரர்களைக் கொண்டுபோக, பல கிளப்புகளின் பஸ் அதே சாலையில் காலியாக அந்த ஊருக்குப் போகிறது. ஜெர்ஸி, பூட்ஸ், மருத்துவப் பெட்டிகளை ஏற்றிய வேன் தனியாக முன்னாலேயே கிளம்பிவிடும். 100 கி.மீ.க்கு 30 லிட்டர் டீசல் என்றால் 600 கி.மீ. போய்வர பஸ் வெளியிடுவது அரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. அந்த அரை டன் எப்படியும் செலவாகிறது. வீரர்கள் அதிலேயே ஏறியிருந்தால் மற்ற 25 டன் தேவையே இல்லை. கடிதத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: "அன்றைக்கு நம் பஸ் எங்கே இருந்தது?"

நிர்வாகத்தின் வாதத்துக்கு வருவோம். அது பொய்யில்லை. 3,000 ரசிகர்கள் காருக்கு இரண்டு பேராக அதே 600 கி.மீ. போய்வந்தால் 1,500 கார்கள், கி.மீ.க்கு 170 கிராம், மொத்தம் 150 டன்னுக்கு மேல். அணியின் விமானத்தைப்போல ஆறு மடங்கு. உள்ளூர் ஆட்டத்துக்கு வரும் பல்லாயிரம் பேர் இதில் இல்லவே இல்லை. இதை மறுக்க முயலாதீர்கள், தோற்பீர்கள். ஒப்புக்கொண்டு அடுத்த கேள்வியைப் போடுங்கள்: அந்த 3,000 பேரும் ரயிலில் போனால் 75 டன்னுக்குள் முடியும். ஏன் போகவில்லை? இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய பத்து மணி ஆகிவிடும், கடைசி ரயில் போய்விடும். அணி விமானம் ஏறுவதற்கும் ரசிகர் கார் எடுப்பதற்கும் பாதிக் காரணம் ஒன்றேதான்: தொலைக்காட்சிக்காக நகர்த்தப்படும் ஆட்ட நேரம். லீக் கூட்டத்தில் அதைப் பேசும் வாக்கு உங்களுக்கு இல்லை, கிளப்புக்கு உண்டு.

விமானத்துக்கு நிர்வாகம் சொல்லும் காரணம் பெரும்பாலும் வீரர்களின் உடல்நலமாக இருக்கும். மூன்று நாளில் அடுத்த ஆட்டம், தசை இறுகிவிடும், தூக்கம் கெடும் என்பார்கள். இதில் நியாயம் உண்டு, ஆனால் திரும்பி வரும் பயணத்துக்கு மட்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் பகலில் போகும்போது யாருக்கும் களைப்பில்லை, ரயிலும் ஓடுகிறது. அரை மணி நேரப் பறத்தலுக்குக்கூட விமான நிலையம் போவது, சோதனை, ஏறுவது, இறங்கி ஹோட்டல் சேர்வது என்று இரண்டரை மணி நேரம் வரை ஆகிவிடும். எனவே போகும் வழியையும் வரும் வழியையும் பிரித்தே கேளுங்கள். "போகும்போது ரயில், விமானம் திரும்பும்போது மட்டும்" என்பது மறுக்கச் சிரமமான கோரிக்கை. "இனி விமானமே கூடாது" என்பது ஒரு நிமிடத்தில் தள்ளுபடியாகும்.

கேலி செய்து நழுவினால்? பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணி 2022 செப்டம்பரில், ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே ஆகும் நான்ட் நகருக்கு விமானத்தில் போனது. அதுபற்றிக் கேட்டபோது பயிற்சியாளர் கிறிஸ்டோஃப் கால்ட்டியே, மணலில் காற்றால் ஓடும் பாய்மர வண்டியில் போகலாமா என்று பார்க்கிறோம் என்றார். பக்கத்தில் இருந்த கிலியன் எம்பாப்பே சிரித்தார். பிரான்ஸ் முழுக்க அந்தச் சிரிப்புதான் செய்தியானது. விமானத்தைவிட அந்தப் பதில்தான் கிளப்புக்கு அதிகச் செலவு வைத்தது என்பது என் கணிப்பு. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க வேண்டாம். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயில் இருந்தால் உள்நாட்டு விமானம் கூடாது என்று பிரான்ஸ் 2023-இல் கொண்டுவந்த தடை, அட்டவணைப்படி ஓடும் சேவைகளுக்குத்தான். தனியாக எடுக்கும் விமானம் அதில் சிக்காது.

ஆதாரம் திரட்டுவது கடினமில்லை. விமானங்கள் தம் இருப்பிடத்தை ஒலிபரப்பிக்கொண்டே பறக்கின்றன. ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களில் யாரும் பார்க்கலாம். பிபிசி 2023 ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு மாதங்கள் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அணிகளைத் தொடர்ந்தபோது, 100 ஆட்டங்களுக்காக 81 உள்நாட்டுப் பறத்தல்கள் தெரியவந்தன. சில வெறும் 27 நிமிடம். நீங்களும் விமானத்தின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் அதன் ஓட்டங்களைப் பார்த்தால் காலி ஓட்டங்களும் பிடிபடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 27 நிமிடப் பறத்தல் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கிறது, டன் கணக்கில் அது பெரிய மீன் அல்ல. 2024 மே 19-இல் பிரீமியர் லீக் சீசன் முடிந்தது. மூன்றாம் நாள், மே 22-இல், டாட்டன்ஹாமும் நியூகாசிலும் மெல்போர்னில் நட்பு ஆட்டம் ஆடின. போக 17,000 கி.மீ., வர 17,000 கி.மீ. தொலைதூர விமானத்தில் ஒருவருக்கு கி.மீ.க்கு 195 கிராம் வைத்தால் தலைக்கு 6.6 டன், 50 பேர் கொண்ட குழுவுக்கு 330 டன். இது எல்லா வகுப்புகளையும் சேர்த்த சராசரிக் கணக்கு. பிசினஸ் வகுப்பு இருக்கை எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போட வேண்டும். அப்படிப் பார்த்தால், ஒரு பிரீமியர் லீக் கிளப் தன் 19 வெளியூர் ஆட்டங்களுக்கும் விமானத்திலேயே, காலி ஓட்டங்களோடு போனால் ஆகும் அளவுக்கு ஏறக்குறைய இந்த ஒரு சுற்றுப்பயணமே வந்துவிடும். ஸ்பான்சருக்காகப் போகும் இந்தப் பயணங்கள் கிளப்பின் சுற்றுச்சூழல் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எதைச் சேர்த்தார்கள் என்பதைவிட எதை விட்டார்கள் என்பதைத்தான் தேட வேண்டும்.

மற்றொரு பெரிய காரணம் அட்டவணை. ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் 2024-25 முதல் 32 அணியிலிருந்து 36 அணியானது. மொத்த ஆட்டங்கள் 125-லிருந்து 189 ஆயின. 2025 செப்டம்பரில் ரியல் மாட்ரிட், கைராத் கிளப்புடன் ஆட ஒரு வழிக்கே 6,400 கி.மீ. பறந்து கஜகஸ்தானின் அல்மாட்டிக்குப் போனது. இங்கே ரயில், பஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2030 உலகக் கோப்பையை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ நடத்துகின்றன, ஆனால் முதல் மூன்று ஆட்டங்கள் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேயில். அந்த அணிகள் தொடரின் நடுவே அட்லாண்டிக்கைக் கடக்கவேண்டும்.

அட்டவணையை வேறுவிதமாகவும் போட முடியும். பல நாடுகளில் நடந்த யூரோ 2020-இல் ஸ்விட்சர்லாந்து அணி பாகு, ரோம், மறுபடி பாகு, புகாரெஸ்ட், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று அலைந்தது. அடுத்து ஜெர்மனியில் நடந்த யூரோ 2024-இல் குழு ஆட்டங்களை வட்டாரம் வட்டாரமாகத் தொகுத்துப் பயணத்தைக் குறைத்தார்கள். ஆட்ட டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு 36 மணி நேரம் உள்ளூர்ப் பொதுப் போக்குவரத்து இலவசம். இரண்டையும் நடத்தியது ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான அதே யூஇஎஃப்ஏதான்.

நிர்வாகம் நீட்டக்கூடிய இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, "மரம் நட்டு ஈடுகட்டுகிறோம்." கத்தார் 2022-க்கு ஃபிஃபாவே மதிப்பிட்ட உமிழ்வு 36 லட்சம் டன், அதில் பாதிக்கு மேல் பயணம். அதைக் கார்பன் நடுநிலைப் போட்டி என்று விளம்பரம் செய்தது தவறான தகவல் என ஸ்விட்சர்லாந்தின் விளம்பர நெறிமுறை ஆணையம் 2023 ஜூனில் சொன்னது. ஈடுகட்டுவது குறைப்பதற்குப் பதிலாகாது என்று எழுதிவிடுங்கள். இன்னொன்று, "பசுமை எரிபொருள் போடுகிறோம்." ஐரோப்பிய ஒன்றியம் 2025-க்கு விதித்த கட்டாயக் கலப்பே 2 சதவீதம்தான். எத்தனை லிட்டர் வாங்கினீர்கள், ரசீது உண்டா என்று கேளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். கடந்த சீசனின் ஒவ்வொரு பயணத்துக்கும் விமான ரகம், எரிந்த எரிபொருள், காலி ஓட்டங்கள் வேண்டும். ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போகும் ஊருக்கு, போகும் வழியில் விமானம் இல்லை என்ற விதி எழுத்தில் வேண்டும். சுற்றுப்பயணங்கள் கணக்கில் வரவேண்டும். தொலைவான வெளியூர் ஆட்டங்களைக் கடைசி ரயிலுக்கு முன்பே முடிக்கும்படி லீக்கிடம் கிளப் பேசவேண்டும். சீசன் நடுவில் இதை அனுப்பினால் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது என்பார்கள். அடுத்த சீசனின் ஆட்ட அட்டவணை வெளிவருவதற்கு முன், விமான நிறுவனத்தோடும் பஸ் நிறுவனத்தோடும் கிளப் பேரம் பேசும் வாரங்களில் கடிதம் அவர்கள் மேசையில் இருக்கவேண்டும்.