வேலூர் வட்டாரத்தில் பிளான் அப்ரூவல்: கேள்வி பதில்

வேலூர் மாநகராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருகிற பதிவு பெற்ற பொறியாளன் நான். மனை, வரைபடம், அனுமதி, ஆய்வு, இவ்வளவுதான் என் எல்லை. எந்த சிமெண்ட் நல்லது, கம்பி விலை குறையுமா என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை.

காட்பாடி காந்தி நகரிலிருந்து: சார், 30க்கு 60 மனை. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். சுயசான்று முறையில் உடனே அனுமதி வந்துவிடும் என்கிறார்கள். நிஜமா?

நிஜம்தான். விவரங்களை உரிமையாளரே சான்று கூறி அனுமதி வாங்குகிற முறை இது, 2024 ஜூலையில் வந்த திட்டம். மனை 2500 சதுர அடிக்குள், கட்டடம் 3500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும், அதுவும் குடியிருப்புக்கு மட்டும். உங்கள் 1800 சதுர அடி தாராளமாக உள்ளே வரும். ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, மனைப்பிரிவு அனுமதி நகல், காலி மனையின் படம், வரைபடம் எல்லாம் ஏற்றிப் பணம் கட்டினால் அனுமதித் தாள் வந்துவிடும். பரிசீலனைக் கட்டணம், உள்கட்டமைப்பு வசதிக் கட்டணம் இரண்டும் கிடையாது. கட்டி முடித்த பிறகு வாங்கும் முடிவுச் சான்றும் வேண்டாம்.

ஆனால் யாரும் வந்து பார்க்காமலே தருகிற அனுமதி இது. நீங்கள் சொன்ன அளவு தப்பாக இருந்தால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். பத்திரத்தில் 30 அடி என்று இருக்கும். பட்டாவை எடுத்துப் பாருங்கள், 167 சதுர மீட்டர் சொச்சம் இருக்கிறதா? சரி, அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு மனைக்குப் போங்கள். பல மனைகளில் 29 அடி 3 அங்குலம்தான் இருக்கும். மீதி எங்கே என்றால், பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ எழுப்பிய ஒன்பது அங்குல காம்பவுண்டு சுவர் முழுசாக உங்கள் மண்ணில் நிற்கும். அந்த முக்கால் அடிக்கும் சேர்த்து வரைபடம் போட்டுவிட்டு, கட்டும்போது பக்க இடைவெளியில் கை வைப்பார்கள். தாலுகா அலுவலகத்துக்கு எஃப்-லைன் அளவைக்கு, அதாவது மனையின் எல்லையை அளந்து காட்டச் சொல்லி, மனு போடுங்கள். சர்வேயர் வந்து கல் காட்டிய பிறகு என்னிடம் வாருங்கள்.

முன்பக்கம் 9 மீட்டர் வரையிலான தெரு என்றால் ஒன்றரை மீட்டர் விட வேண்டும். அதில் போர்டிகோ தூண் நிறுத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது.

மெயின் பஜார் பக்கமிருந்து: அண்ணா, எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட வேண்டும். மாநகராட்சியில் கோட்டை, தொல்லியல் என்று ஏதோ சொல்கிறார்கள். கோட்டை எங்கே, நாங்கள் எங்கே?

வேலூருக்கே உரிய சிக்கல் இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைப் பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அளவைக் கோட்டை மதிலிலிருந்து பிடிக்கக் கூடாது, துறை குறித்திருக்கும் எல்லைக் கோட்டிலிருந்து பிடிக்க வேண்டும். அகழிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு "மதில் அவ்வளவு தூரத்தில் இருக்கிறதே" என்று சொல்லிப் பயனில்லை.

தடைப் பகுதியில் புதுக் கட்டடம் கிடையாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடமாக இருந்தால் பழுது பார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். இடித்துவிட்டுக் கட்டுவதும், மேலே மாடி எடுப்பதும் பழுதுபார்ப்பில் சேராது. நிறைய பேர் முதலில் வீட்டை இடித்துவிட்டு அப்புறம்தான் கேட்க வருகிறார்கள். பழுது பார்க்க இருந்த உரிமையும் அந்தச் செங்கல்லோடு லாரி ஏறிப் போய்விடும். கட்டுப்பாட்டுப் பகுதி என்றால் கட்டலாம், தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். வீட்டை இப்போதைக்கு இடிக்காதீர்கள்.

ஏலகிரியில் கெஸ்ட் ஹவுஸ் கட்ட என்ன செய்ய வேண்டும்?

மலைப் பகுதிக்குத் தனி விதிகள். திருப்பத்தூர் பக்கம் வேலை செய்கிறவரைப் பாருங்கள்.

அணைக்கட்டு பக்கமிருந்து: 2014இல் வாங்கிய மனை, அங்கீகாரம் இல்லாத பிரிவு. வரன்முறைப்படுத்தாமல் கட்டினால் என்ன ஆகும்?

அனுமதி வராது, வங்கிக் கடனும் வராது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் பத்திரப்பதிவு ஆன மனை என்பதால் வரன்முறைக்கான அடிப்படை உங்களிடம் இருக்கிறது. மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து வையுங்கள். அளந்தும் வையுங்கள். இத்தகைய பிரிவுகளில் தெரு அகலம் காகிதத்தில் ஒன்று, தரையில் ஒன்று.

கொசப்பேட்டையிலிருந்து: வீட்டுக்கு என்று அனுமதி வாங்கி, மேலே ஆறு அறை போட்டு, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமா? தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

விடக் கூடாது. குடியிருப்பு என்று வாங்கிய அனுமதியில் லாட்ஜ் நடத்துவது பயன்பாட்டு மீறல். மின் இணைப்பும் வீட்டுக் கட்டண விகிதத்தில் இருக்கும், அதிலும் மாட்டுவீர்கள்.

தோட்டப்பாளையத்திலிருந்து: சார் இப்படிப் பேசுவது சுலபம். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். பெரிய லாட்ஜுக்குக் கொடுக்க அவர்களிடம் காசு ஏது? இந்த ஊரே அவர்களால்தான் பிழைக்கிறது.

அதை நான் மறுக்கவில்லை. அறை வேண்டாம் என்றா சொன்னேன்? அறைக்கு ஏற்ற அனுமதி வாங்குங்கள் என்கிறேன். அந்த ஆறு அறையை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே படிக்கட்டு, இரண்டரை அடி அகலம், கீழே கேட்டுக்குப் பூட்டு. ஒவ்வொரு அறை மூலையிலும் கேஸ் அடுப்பு, ஏனென்றால் அவர்கள் மீன் வாங்கி வந்து தாங்களே சமைப்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்து நடக்க முடியாதவர் மேல் தளத்தில் படுத்திருப்பார். தீப்பிடித்தால் எப்படி இறங்குவார்? விதி புத்தகத்தில் படிக்கட்டு அகலமும் வெளியேறும் வழியும் எழுதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

மீண்டும் தோட்டப்பாளையம்: விடுதியும் குடியிருப்புதான் என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டதே?

2024இல் வந்த தீர்ப்பைச் சொல்கிறீர்கள். அது ஜி.எஸ்.டி. பற்றிய வழக்கு. வரி போடலாமா என்ற கேள்விக்கு வந்த பதிலைக் கட்டட அனுமதிக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. நீதிமன்றத்தைப் பேச்சில் இழுத்ததால் இன்னொன்றும் சொல்கிறேன். அதே 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அனுமதிக்கு மாறாகக் கட்டிய கட்டடம் எவ்வளவு பழையது, எவ்வளவு செலவழித்தது என்பதெல்லாம் அதைக் காப்பாற்றாது என்று சொல்லியிருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன் 56, 57 பிரிவுகளில் பூட்டி முத்திரை வைக்கும் அதிகாரம் வெகு நாளாகவே இருக்கிறது.

வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து: அப்படியென்றால் முதலில் பெரியவர்கள் கட்டியதற்கு சீல் வைக்கட்டும், பிறகு எங்களிடம் வாருங்கள்.

நான் சீல் வைக்கிற ஆள் இல்லை ஐயா, வரைபடம் போடுகிறவன். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் உங்கள் கட்டடத்தில் நாளைக்கு ஒன்று ஆனால், எதிர் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. லாட்ஜ் என்றே வரைபடம் போடுங்கள். இரண்டு அறை குறையும், வண்டி நிறுத்த இடம் விட வேண்டியிருக்கும், தீயணைப்புத் துறைக்கும் அலைய வேண்டும். அதற்கு மேல் பயமில்லாமல் பலகை மாட்டலாம். இதைப் பற்றி இன்னும் நிறைய செய்தி வந்திருக்கிறது, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாகாயத்திலிருந்து: சமையலறை அக்னி மூலையில் வருமாறு பக்க இடைவெளியைக் குறைக்கலாமா?

அடுப்பை நகர்த்துங்கள், சுவரை நகர்த்தாதீர்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து: 1200 சதுர அடி மனை. சுயசான்றில் அனுமதி கிடைக்குமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும், ஒரே தொகையாகச் சொல்லுங்கள். (இதே கேள்வி நிறைய பேரிடமிருந்து.)

ஒரே தொகையாகச் சொல்கிற ஆளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அரசுக்குக் கட்டுவது எல்லாமே ரசீதோடு வரும், இணையத்திலேயே தெரியும். அதில் தொழிலாளர் நல நிதி கட்டுமான மதிப்பில் 1 சதவீதம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பொறியாளர் கூலி தனி, அதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத தொகையை யாராவது கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

குடியாத்தத்திலிருந்து: மூன்று மாடி, முறையான அனுமதி வாங்கிவிட்டோம். நடுவில் ஆய்வுக்கு வருவார்களா? மேஸ்திரி யாரும் வரமாட்டார்கள் என்கிறார்.

மேஸ்திரி சொல்வதைக் கேட்டு வேலையை ஆரம்பிக்காதீர்கள். தொடங்கும்போது ஒரு தகவல் கொடுக்க வேண்டும், பேஸ்மட்டம் வந்ததும் இன்னொன்று. அந்தக் கட்டத்தில் வந்து பார்ப்பதுதான் உங்களுக்கும் நல்லது. கடைக்கால் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போடும் அன்றைக்கு, அனுமதித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேலியிலிருந்து கோட்டுக்கு நாலு பக்கமும் நீங்களே அளந்து பாருங்கள். அரை அடி தப்பு என்றால் அன்றைக்குத் துடைப்பத்தால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். தூண் எழுப்பி சென்ட்ரிங் அடித்த பிறகு தெரிந்தால் இடிப்பதைத் தவிர வழியில்லை. முடிவுச் சான்று தேவைப்படுகிற கட்டடம் என்றால் அது இல்லாமல் மின் இணைப்பும் நிற்கும். அனுமதித் தாளின் நகல் ஒன்று வேலை நடக்கும் இடத்திலேயே இருக்கட்டும், பீரோவில் வைக்க வேண்டாம்.

காட்பாடி ரயில் பாதை ஓரம் மனை. ஏதாவது தொந்தரவு?

ரயில்வே நில எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயிடம் தடையின்மைச் சான்று வேண்டும். எல்லைக் கல் எங்கே என்று முதலில் பாருங்கள், தண்டவாளத்திலிருந்து அளக்காதீர்கள்.

சுயசான்று எங்கள் கிராம ஊராட்சிக்கும் உண்டா? மனை 2000 சதுர அடி.

உண்டு. முதல் பதில். மனையை அளந்தீர்களா?

வேலப்பாடியிலிருந்து: சுயசான்றில் கட்டிய வீடு. மொட்டை மாடியில் துணி காயப்போடத் தகரக் கொட்டகை போடலாமா?

நாலு பக்கமும் திறந்திருந்தால் யாரும் பெரிதாகக் கேட்கப் போவதில்லை. சுவர் எழுப்பிக் கதவு வைத்துவிட்டால் அது இரண்டாம் தளம், சுயசான்று அனுமதி அதற்குச் செல்லாது. கதவு வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், திருத்திய வரைபடம் போட்டு முறைப்படி மனு கொடுக்கலாம்.