கூரையில் சோலாரா, வெளியிலிருந்து பசுமை மின்சாரமா?

கேள்வி: ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் யூனிட் நடத்துகிறேன். ஜெர்மனி பையர் கார்பன் கணக்கு, அதாவது எங்கள் தயாரிப்பால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கு, கேட்கிறார். ஐரோப்பாவின் கார்பன் வரி எங்கள் மேலும் விழுமா? சோலார் போடுவதா, பசுமை மின்சாரம் வாங்குவதா?

வரி பயத்தை இறக்கி வையுங்கள். 2026 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த அந்த வரி, ஐரோப்பா இறக்குமதி செய்யும் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கானது. தோலும் ஷூவும் அதில் இல்லை. பையர் கேட்பது அவருடைய கணக்கில் காட்டுவதற்காக. ஆனாலும் பதில் சொல்லாவிட்டால் ஆர்டர் வேறு பக்கம் போகலாம்.

வெளியே சோலார், காற்றாலை வைத்திருப்பவரிடமிருந்து ஈபி லைன் வழியே பசுமை மின்சாரம் வாங்க, மத்திய அரசின் 2022 விதிகளின்படி குறைந்தது 100 கிலோவாட் லோடு வேண்டும். முன்பு 1 மெகாவாட் (1,000 கிலோவாட்). ஈபி பில்லில் உங்கள் லோடைப் பாருங்கள். அதற்குக் கீழே என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். மேலே இருந்தாலும் வீலிங் (லைனில் மின்சாரத்தைக் கொண்டுவரும் கட்டணம்), கூடுதல் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

சரி, கூரைக்கு வருவோம். வேலூர் வெயிலை நாம் திட்டாத நாளில்லை. இங்கே அது காசு. 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 50 கிலோவாட் போட்டால் வருடத்துக்கு 70,000 யூனிட் வரை வரும், ஏறக்குறைய 50 டன் கார்பன் குறையும். ஆனால் பகலில் மெஷின் இழுக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிட்டுக்குப் போகும் யூனிட்டுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஆளை ஏற்றவும் விடாதீர்கள்.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கரண்ட் போனால் சாதாரண சோலாரும் நின்றுவிடும். ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓட வேண்டுமென்றால் அதற்கான கன்ட்ரோலரைக் கொட்டேஷனிலேயே கேளுங்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். அப்படியானால் யூனிட் விலை 25 ரூபாயைத் தாண்டும். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. வளைகுடாவில் சண்டை என்றால் உங்கள் ஜெனரேட்டர் ரூமிலும் சூடு தெரியும். சோலாரில் போடும் பணம் அந்தச் செலவைக் கொஞ்சமாவது குறைக்கும்.

அப்புறம், கார்பனில் பெரும்பங்கு உங்கள் தையல் மெஷினில் இல்லை, நீங்கள் வாங்கும் தோலில் இருக்கிறது. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று சொன்னது. இன்று கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. ஃபில்டரும், நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் தின்பது மின்சாரத்தையும் எரிபொருளையும். அந்தக் கார்பனும் தோலின் கணக்கில்தான் சேரும். எனவே உங்களுக்குத் தோல் பதனிட்டுத் தரும் டேனரியிடம் மின்சாரம், விறகு, டீசல் கணக்கை எழுத்தில் வாங்கி, உங்கள் 12 மாத ஈபி பில்லோடு சேர்த்துப் பையருக்கு அனுப்புங்கள். பேனல் போடும் முன்னரே இதைச் செய்யலாம், செலவும் இல்லை.